மருதையாவின் நகல்

நாடகக் குழுவை நடத்தப் பயிற்சி எடுத்த தேன்மொழிக்கு, அன்றைய பாடம் ஒரு நடிகரை நீக்குவது. குழுவின் நடிகர் மருதையாவின் குரலையும் உடலையும் அளந்து கணினியில் செய்த நகல், தொண்டையில் கட்டி இருக்கிறது என்று பயிற்சித் திரையில் அழுதது. அது சமாதானமாகி எழுந்து போகும்வரை திரும்பத் திரும்பப் பேசிப் பழகினாள்.

மறுநாள் நிஜ மருதையாவிடம் சொன்னாள்: "அண்ணே, இந்த நாடகத்துல உங்களுக்கு வேஷம் இல்ல. கட்டிக்கு வைத்தியம் பார்த்துட்டு வாங்க."

அவர் முகம் வெளிறியது.

"வீட்டுலகூடச் சொல்லலியேம்மா. உனக்கு யாரு சொன்னா?"

அவள் பயிற்சித் திரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அங்க நான் ரொம்ப அழுதேனா?"

"இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. தொண்டையைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியேறினார்.