கடைசி வரிசை

பள்ளி முடித்து நாற்பது வருடம் கழித்து வகுப்பே கூடியிருந்தது. படம் எடுக்கும்போது, "பழையபடி உயர வரிசையில நில்லுங்கப்பா" என்றார் யாரோ. வேலப்பன் நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். அது அவருடைய இடம். பத்தாம் வகுப்பில் அவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். போலீசில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள் என்று ஊரே சொன்னது. அப்பா செத்ததும் மாமா அவரை ஜவுளிக்கடைப் பரணில் ஏற்றிவிட்டார். நிமிர்ந்தால் தலை இடிக்கும் பரண். அங்கே குனிந்தபடியே துணி மூட்டைகளைத் தள்ளித் தள்ளித்தான் தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், மகனை இன்ஜினியராக்கினார். வேலையை விட்டுக் கீழே இறங்கிய பிறகும் முதுகு நிமிரவில்லை.

"கடைசி சார், உங்க முகமே தெரியல. முன்னாடி வந்து உட்காருங்க" என்றான் படம் எடுத்த பையன். முன்னால் உட்கார்ந்திருந்ததெல்லாம் அந்தக் காலத்துக் குட்டையன்கள்.

"இதான் என் இடம். நீ எடு."

மறுநாள் படம் செல்போனில் வந்தது. மகன் வாங்கிப் பார்த்தான். அவரைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்தவன். கல்யாண மேடையில், "கொஞ்சம் நிமிர்ந்துதான் நில்லுங்களேன்ப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவரிடம் பல்லைக் கடித்தவன்.

"என்னப்பா, இதுல உங்களையே காணோம்?"

வேலப்பன் போனைத் தன் பக்கம் திருப்பினார். கடைசி வரிசைத் தலைகளுக்கெல்லாம் மேலே, வெறும் வானத்தில் விரலை வைத்தார்.

"இங்க இருக்கேன் பாரு."