ஆத்தா இறங்கிய வீடு

தொண்டை வலியென்று முனகிய மருமகளுக்கு, குருவம்மாள் வாழைப்பழத்துக்குள் மாத்திரைப் பொடியை வைத்துக் கொடுத்தாள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் எழிலரசிக்கு உள்ளங்கை அரித்தது.

"என்ன மாத்திரை அத்தை?"

"ஒன் நாத்தனா பல்வலிக்கு டாக்டர் குடுத்தது. அவளுக்குப் பாதியிலயே நல்லாயிட்டு. மீந்தத குப்பையிலயா போடச் சொல்ற?"

எழிலரசி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அமாக்சிசிலின். பென்சிலின் வகையே தனக்கு ஆகாது, உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தாள். அன்று எல்லோரும் கேசரி தின்றுகொண்டிருந்தார்கள்.

அதற்குள் கழுத்திலும் கன்னத்திலும் தடிப்புகள் சிவந்து கிளம்பின. குருவம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக் கும்பிட்டாள்.

"ஆத்தா எறங்கிட்டாடா. செருப்போட உள்ள வராத."

கணவன் மருதப்பன் ஆட்டோவுக்கு ஓடவில்லை, வேப்பமரத்துக்கு ஓடினான். அம்மை கண்ட உடம்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது அந்தத் தெருவில் பாவம். பக்கத்து வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இது அம்மை இல்ல" என்றாள் எழிலரசி. நாக்கு தடித்துப்போய், சொல் உறுமலாகத்தான் வெளியே வந்தது.

"ஆத்தா பேசுறா" என்றாள் ஒருத்தி.

குருவம்மாள் பயபக்தியோடு குனிந்து காதைக் கொடுத்தாள். கல்யாணமான நாள் முதல் மருமகள் சொல்லை அவள் இப்படிக் கேட்டதே இல்லை.

"சொல்லு தாயே. ஒனக்கு என்ன வேணும்?"

மருதப்பன் வாசலில் வேப்பிலையைக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். இனி வெளியாள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். எழிலரசிக்கு ஒரே ஒரு சொல்லுக்குத்தான் மூச்சு மிச்சமிருந்தது.