மூன்றரை அடி மந்திரக்காரி

“இந்த ஏணி உள்ள கெடக்கக் கூடாது. இத வச்சுக் கதவ இடிச்சாலும் இடிப்பா!”

அரைமணி நேரம் மகளோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்த வள்ளித்தாய், ஒட்டடை அடிக்க இரவல் வாங்கியிருந்த ஏணியையும் கையோடு இழுத்து வந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாத சுடலைமுத்து, உள்ளே எட்டிப் பார்க்காமலே கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அம்மா, நீயுமாம்மா?” உள்ளிருந்து முத்துசெல்வியின் அழுகுரல் வந்தது.

“நானுந்தான்! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பூ வச்சிட்டுப் போற வரைக்கும் அங்கனயே கெட!”

மேலகரத்தில் அந்த வீட்டில் எல்லோருமே மூன்றரை அடி. நாலு தலைமுறையாக சர்க்கஸ் கோமாளிகள். ஆண்கள் கூடாரத்தில் நின்று சிரிக்க வைப்பார்கள், பெண்கள் கூட்டத்தின் முன்னால் வந்து நிற்கவே கூடாது. எவன் போட்ட சட்டமோ, இதுவரை யாரும் மீறியதில்லை.

முத்துசெல்வி மீறினாள். டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடமாகத் தென்காசியில் பெலிக்ஸ் மாஸ்டரிடம் மேஜிக் கற்றிருந்தாள். இன்று மாலை ஐந்து மணிக்குக் குற்றாலம் சீசன் மேடையில் அவளுடைய முதல் தனி நிகழ்ச்சி.

அந்த நிகழ்ச்சியின் நோட்டீஸ் நேற்று சித்தப்பா அய்யாத்துரையின் கையில் சிக்கியதுதான் வினை. ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த சம்பந்தத்தை இன்றே முடித்துவிட, கீழப்பாவூர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பறந்தது.

“அப்பா, இன்னைக்கு விட்டா இனிமே என்னை யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டாங்கப்பா.”

“கூப்பிட வேண்டாம்ட்டி. முப்பது வருசம் கூடாரத்துல நின்னவன் சொல்லுதேன். நம்மளப் பாத்தாலே சிரிப்பானுவ. அந்தச் சிரிப்பு என்னோட போகட்டும்.”

மகளைப் பார்த்து ஊர் சிரிப்பதற்கு இந்தப் பூட்டு எவ்வளவோ தேவலை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

“நான் சிரிக்க வைக்கப் போகலப்பா. எப்படிச் செஞ்சான்னு அசந்து போவாங்க.”

சுடலைமுத்துவும் தம்பி அய்யாத்துரையும் கதவுக்கு எதிரே ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே சாரல். அறையின் ஜன்னலில் இரும்புக் கம்பி. குற்றாலம் போகிற பஸ்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

மணி மூன்றானது. உள்ளே அழுகை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

“மதினி, சத்தத்தையே காணுமே? கொஞ்சம் தண்ணியாவது குடுக்கட்டுமா?” அய்யாத்துரைக்கே மனசு கேட்கவில்லை.

“ஒண்ணும் வேண்டாம். கதவத் தொறந்தீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்!”

பெற்றவளா இவள் என்று சுடலைமுத்து மனைவியைப் பார்த்தார்.

நாலு மணிக்குப் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள். பெண்ணை அலங்கரிக்க வேண்டுமே என்று சுடலைமுத்து பூட்டைத் திறந்தார்.

அறையில் யாரும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குள், தலையணைக் குவியலுக்குள் என்று குனிந்து குனிந்து தேடினார்கள். அய்யாத்துரை ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், ஒன்றுகூட அசையவில்லை.

“எப்படிலே?” சுடலைமுத்து சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருட சர்க்கஸில் அவர் காணாத வித்தை. அந்த நேரத்திலும் உள்ளுக்குள் துளி பெருமையாக இருந்தது.

வள்ளித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். “ரெண்டு ஆம்பளைங்க காவல் காத்த லெச்சணமா இது? ஓடுங்க, போயிப் பிடிங்க!”

“குற்றாலத்துக்குப் போவோம்ணே,” என்றார் அய்யாத்துரை.

“மாஸ்டர் இல்லாம மேடையேறிருவாளா? மொதல்ல தென்காசியில அந்தப் பெலிக்ஸ் வீட்டுக்குத்தான் போயிருப்பா. அங்க போங்க!”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா என்னட்டி சொல்லுவ?”

“நான் பேசிக்கிடுதேன். நீங்க நிக்காதீங்க, போங்க!”

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் இருவரும் தென்காசிப் பக்கம் பறந்தார்கள்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறையும் வரை வள்ளித்தாய் வாசலிலேயே நின்றாள். பிறகு தெருக்கதவைத் தாழிட்டாள். ஏணியை இழுத்து வந்து, மகளை அடைத்த அறைக்குள் சுவரில் சாத்தினாள்.

சுவிட்சிலிருந்து சாமி படம் வரை எல்லாமே கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துக் கட்டிய வீடு அது. கொத்தனார் பழக்கதோஷத்தில் மேலே ஒரு பரணும் கட்டிவிட்டுப் போயிருந்தார். அது யாருக்கும் எட்டாததால், அந்த வீட்டில் யாருடைய கண்ணும் அங்கே போவதில்லை. வள்ளித்தாய் நிமிர்ந்து அதைப் பார்த்தாள்.

“எறங்குட்டி, மேடைக்கு நேரமாச்சு.”