இளவரசியின் முட்டி

"எம்மா! கொஞ்சம் நில்லுங்கடி. என் முட்டி கழண்டுக்கினு போவுது!"

இளவரசி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த பத்துப் பெண்களும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கடைசியாக வந்த அஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மனசுக்குள் அந்த முட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அஞ்சம்மாளுக்கு இடுப்பில் இருப்பது ஆபரேஷன் பண்ணி வைத்த மூட்டு. ஏழு வருஷத்துக்கு முன், சென்னையில் கட்டட வேலையில் விழுந்தபோது வைத்தது. குந்தக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். குந்தாமல் மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்கு நடுவில், எவள் களை வெட்டுவாள்? இப்போது அந்த மூட்டு ஆட்டம் கண்டுவிட்டது. 'புதன்கிழமை வாங்க, எக்ஸ்ரே பாத்துட்டு, ஆபரேஷன் பண்ணி மாத்தணுமான்னு பெரிய டாக்டர் சொல்லுவார்' என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சோற்றுப் பையின் அடியில் மடித்து வைத்திருந்தாள். ஊரில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

தெரிந்தால் களை வெட்டப் போகும் பெண்கள் செட்டிலிருந்து கழற்றிவிடுவார்கள். பக்கத்து ஊர்ச் செட்டில் இருதயமேரிக்கு அதுதான் நடந்தது. கால் வீங்கிய மறுநாளே, வேனில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். தனிக்கட்டையான அஞ்சம்மாளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

இந்தச் செட்டுக்குத் தலைவி இளவரசி. ஆள் சேர்ப்பது, கொல்லைக்காரர்களிடம் பேசுவது எல்லாம் அவள்தான். நாற்பது வயசுகூட ஆகவில்லை, பாவம், இரண்டு மாதமாக முட்டி வலி. இரண்டு பாத்தி வெட்டினால் போதும், "எம்மா!" என்று உட்கார்ந்துவிடுவாள். தலைவி உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஓய்வுதான்.

கொல்லைக்காரர் சீனுவாசன் அன்றைக்கும் சும்மா விடவில்லை.

"இன்னாம்மா இது? நடக்க முடியாதவளுக்கு எதுக்கு தலைவி வேலை? ஊட்ல படுத்துக்கினு இருக்கறதுதானே?"

"முட்டிதாங்க நோவுது. கையி நல்லாத்தான் கீது. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடறோம், நீங்க போங்க."

சொன்னபடியே முடித்தாள். தன் பாத்தி போதாதென்று அஞ்சம்மாளின் பாத்தியிலும் இறங்கினாள்.

"நீ எதுக்குடி இங்க வர்ற?"

"இருக்கட்டும் அக்கா. நடுநடுவுல ஒக்காந்து எல்லாரு வேலையையும் கெடுத்தேன்ல? அதுக்கு ஈடு."

அஞ்சம்மாள் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். இத்தனை வலியோடு, அந்த மனுஷனிடம் இத்தனை பேச்சும் வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் வெட்டுகிறாளே! நாமோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு தினம் சாமியைத் திட்டுகிறோம். பெண் என்றால் இவளல்லவா பெண்!

"ஏன்டி, இப்பிடியே நொண்டிக்கினு இருப்பியா? டாக்டருகிட்ட காட்டேன்."

"போலாம்னுதான் இருக்கேன் அக்கா. புதன்கிழமை, விழுப்புரத்துக்கு. தனியா போவத்தான் பயமா கீது. நீ தொணைக்கு வர்றியா?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது அஞ்சம்மாளுக்கு. இவளை வரிசையில் உட்கார வைத்துவிட்டு, நைசாகப் போய்த் தன் டாக்டரைப் பார்த்துவிடலாம்.

"உனக்கு இல்லாத தொணையா? வர்றேன் போ."

புதன்கிழமை காலை. பெருமுக்கல் பக்கமிருந்து வந்த டவுன் பஸ் லேட். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் இறங்கும்போதே விழுப்புரம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது.

"ஐயையோ! இத வுட்டா பேஜாரு அக்கா. பத்து மணிக்கு மேல ஓ.பி. சீட்டு குடுக்க மாட்டாங்க!"

அஞ்சம்மாள் பைக்குள் கைவிட்டுத் தன் சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெரிய டாக்டரை இன்று விட்டால் இனி அடுத்த மாதம்தான். அதுவரை இந்த இடுப்பு தாங்குமா? ஆனாலும் இளவரசியின் முட்டியை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போனா போவுது, அடுத்த பஸ்ல போலாம். இந்த முட்டிய வச்சிக்கினு நீ ஓடவா முடியும்?"

இளவரசி கையை உதறினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரே ஓட்டமாக ஓடி, பஸ்ஸுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"நிறுத்துய்யா வண்டிய! எங்க அக்காவுக்கு இடுப்புல வச்ச மூட்டு ஆடிக்கினு கீது, அவங்களால ஓட முடியாது!"