எஞ்சினியர் வாங்கிய மெஷின்

“போன வருசத்தை விட விறகுச் செலவு கால்வாசி குறைஞ்சிட்டுது. புகைக்கூண்டிலயும் கரும்புகையைக் காணேல்லை. விறகு மிச்சம்பிடிக்க நான் வாங்கித் தந்த மெஷின் எப்பிடி?”

ஜீப்பை விட்டு இறங்கும்போதே கொழும்புத் தலைமை அலுவலக எஞ்சினியர் கனகரத்தினத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. பசறைப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் முத்துவேலோ அவரை வாசலிலேயே மறித்தார்.

“வாங்க சேர், மொதல்ல டீ குடிக்கலாம்.”

“டீ பிறகு. மற்றத் தோட்டங்களுக்கும் இதே மெஷின் ஆறு ஓடர் பண்ணப்போறன். அதுக்கு முதல் இதைப் பாக்கவேணும்.”

“மழை தூறுதுங்க சேர்…”

“தூறட்டும். நடவுங்கோ!”

இனித் தப்ப வழியில்லை. முத்துவேல் அவரை ஸ்டோருக்குள் அழைத்துப் போனார். மூலையில் மெஷின், பெயின்ட் வாசம்கூடப் போகாமல் சும்மா நின்றது.

“இன்னும் பூட்டவேயில்லையா?”

“அடுப்புல பொருத்தித் தர்றேன்னு சொன்ன கம்பெனி ஆளு வரவே இல்லீங்க சேர். நானும் ஃபோன் போட்டுப் போட்டு அலுத்துட்டேன்.”

“அப்ப விறகு எப்பிடிக் குறைஞ்சது?”

முத்துவேல் தலையைச் சொறிந்தபடி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். முற்றத்து விறகுக் குவியல், பெரிய நீலத் தறப்பாளுக்கு அடியில் மழைக்கு நனையாமல் இருந்தது.

“அந்தத் தறப்பாள் மெஷினைச் சுத்தி வந்துச்சுங்க. சும்மா கெடக்கேன்னு வெறகை மூடி வச்சோம். காஞ்ச வெறகுங்கிறதால கொஞ்சம் போட்டாலே அடுப்பு நல்லா எரியுது.”

கனகரத்தினம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஆபீசுக்குப் போய், கொழும்பிலிருந்த தன் கிளார்க்குக்கு ஃபோன் எடுத்தார்.

“சிவரூபி, அந்த ஆறு மெஷின் ஓடரை அனுப்பாதேங்கோ. கொம்பனிக்காரர் தறப்பாளை மட்டும் தனியா விப்பினமோ எண்டு கேளுங்கோ!”