மாமியார் கிள்ளிய மாம்பூ

விடிந்தும் விடியாத நேரத்தில் சாணி அள்ளப் போன அமுதம் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமரத்தடியில் மாமியார் தாயாரம்மாள். தாழ்ந்த கொப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு, பூத்த கொத்துகளை ஒடித்து ஒடித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மடி நிறைந்ததும் குப்பைக்குழியில் கொட்டி, மேலே ஒரு கூடை சாம்பலையும் போட்டு மூடினாள்.

அது அமுதத்தின் மரம். கல்யாணமாகி பாகூருக்கு வந்த புதிதில், தாய்வீட்டு மாம்பழத்தைச் சப்பிவிட்டு, குளிக்கும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கொட்டையைப் புதைத்து அவளே வளர்த்தது. "கொட்டைக் கன்னு எப்பக் காய்க்கப் போவுது?" என்று தெருவே சிரித்தது. மரம் கூரைக்கு மேல் வளர்ந்தும் காய் இல்லை. அமுதத்துக்கும் பிள்ளை இல்லை. மரம் காய்த்தால் தன் வயிறும் திறக்கும் என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

அதைத்தான் கிழவி கிள்ளிப் போடுகிறாள்!

சரி, மாமியார் புத்தி என்று விட்டுவிடலாம். ஆனால் பொழுது விடிந்ததும் அதே தாயாரம்மாள், நாலு பேர் பார்க்க, மீன் கழுவிய தண்ணீரை மரத்துக்கு ஊற்றினாள். காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று பழைய துடைப்பத்தையும் பிய்ந்த செருப்பையும் கிளையில் கட்டினாள். உலக்கையால் ரெண்டு சாத்தும் சாத்தினாள்.

"இன்னும் இன்னாத்துக்குடி நிக்கிற? காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

அமுதத்துக்குத் தலை கிறுகிறுத்தது. பூவைக் கிள்ளியவள் இவள்தானா, இல்லை தனக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டதா?

புருஷன் பலராமனிடம் சொன்னாள்.

"போடி இவளே! மரத்துக்குத் தண்ணி ஊத்தறதே எங்கம்மாதான். அது போயி பூவக் கிள்ளுமா? தூக்கக் கலக்கத்துல இன்னாத்தயோ பாத்திருக்க."

அவள் மரத்துக்காக உருகிய ஒரே ஜீவன் பச்சையப்பன். மாமியாரின் அண்ணன், ஏம்பலத்துக்காரர். மாசி மாதம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வந்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நேரே கொல்லைக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்ப்பார்.

"இந்த வருசமும் காய்க்கலியா? ச்சே!"

போன தடவை ஒரு மூட்டை ஆட்டுப் புழுக்கையே கொண்டுவந்து கொட்டினார். தங்கமான மனுஷன்! பெற்ற அப்பன்கூட அமுதத்திடம் இத்தனை கரிசனம் காட்டியதில்லை.

இந்த முறை அவள் சும்மா இருக்கவில்லை. மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் சாய்ந்த கொப்பில் ஒரு கொத்தை இலை கட்டி மறைத்தாள். மாமியார் கண்ணுக்கு அது தப்பியது. கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு பிஞ்சும் நின்றது. ஏம்பலத்தார் வரட்டும், கிழவியின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும் என்று காத்திருந்தாள்.

மாசிக் கடைசியில் வண்டி வந்தது.

"இன்னா தாயாரு, மரம் எப்பிடி?"

"எங்கண்ணே காய்ச்சுது... மலட்டு மரம்." தாயாரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

என்ன நடிப்பு! அமுதம் முன்னால் வந்தாள்.

"காய்ச்சிருக்குதுங்க! இதோ பாருங்க!" என்று கொப்பை வளைத்துக் காட்டினாள்.

பச்சையப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"அடடே, பிஞ்சு! தாயாரு, உன் வேண்டுதல் பலிச்சுடுச்சு. இந்த மரத்தோட மொதக் காய அய்யனாருக்கு வெக்காம வூட்டுல மேளம் கொட்ட மாட்டேன்னு சொல்லிச் சொல்லியே மூணு வருசத்த ஓட்டிட்ட. இனிமே இன்னா தடை? எம் பொண்ணு சிந்தாமணிய பலராமனுக்கு ரெண்டாந்தாரமா முடிச்சுடலாம். பிரெஞ்சுக்காரன் மேரி ஆபீசுல கல்யாணம் பதியறதுக்குக்கூட சொல்லி வெச்சுட்டேன். இவளும் ஒரு மூலையில கெடக்கட்டும், சோத்துக்கா பஞ்சம்?"

அமுதத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. வளைத்த கொப்பு கையிலேயே இருந்தது.

தாயாரம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து பிஞ்சைப் பறித்தாள். வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள்.

"ஐயையோ! சாமிக்கு உள்ளத எச்சப் பண்ணிட்டியே!"

"மறந்தே பூட்டேண்ணே. பிஞ்சப் பாத்ததும் நாக்கு ஊறிடுச்சு. அய்யனாரு கோச்சுக்குவாரே! இனிமே அடுத்த வருசத்துக் காயத்தான் வெக்கணும்."

துவர்ப்பில் முகம் கோணிக்கொண்டு போனது. ஆனாலும் கிழவி மிச்சம் வைக்காமல் மென்று விழுங்கினாள். சாமி காரியத்தில் யார் என்ன பேச முடியும்? பச்சையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியது. இத்தனை நாள் மாமியாரைச் சபித்த சாபமெல்லாம் அமுதத்துக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"ஏன் அத்தே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அழுவ. உங் கண்ணு செவந்தா ஊருக்கே தெரிஞ்சுடும். எங்கண்ணங்கிட்ட மாட்டேன்னு சொன்னா தாய்வூடு அத்துப் பூடும். சாமி பேரச் சொன்னா வாய மூடிக்குவான்." தாயாரம்மாள் கிணற்றுப் பக்கம் பார்த்தாள். "நானே இந்த வூட்டுக்கு ரெண்டாவதா வந்தவதான்டி. எனக்கு மின்ன இருந்தவ அந்தக் கெணத்தடியிலயே குந்திக் கெடந்தா. ஒருத்தியப் பாத்தது போதும்."

சொல்லிவிட்டு, அவிழ்ந்திருந்த செருப்பைக் கிளையில் இறுக்கிக் கட்டினாள்.

அமுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். புடவையை வரிந்து கட்டினாள்.

"அத்தே, கெணத்துப் பக்கத்துக் கொப்புல புதுசா ஒரு கொத்து பூத்திருக்குது. ஒங்களுக்கு எட்டாது. நீங்க மடியப் புடிங்க, நான் ஏறிக் கிள்ளிப் போடுறேன்."