தில்லையம்மாள் சொன்ன டூர்

பக்கத்தில் வாருங்கள் கண்ணுங்களா, புதுச்சேரி முத்தியால்பேட்டைக் கதை ஒன்று சொல்கிறேன்.

“மேல்படிப்புக்கு மெட்ராஸ்ல சேரட்டுமா, டூர் போவட்டுமாம்மா?” என்று மகள் தேவிப்பிரியா கேட்டதாகத்தான் மீன்காரத் தில்லையம்மாள் காதில் விழுந்தது.

“மெட்ராஸுன்னா ரெண்டு வருஷம் உன்ன உட்டுட்டு இருக்கணும். டூரே போ, சுருக்கா வந்துடலாம்.”

மகள் மெட்ராஸ் கல்லூரியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்றாள். தாய் பத்து நாளைக்குக் கருவாடு வறுத்துக் கட்டினாள்.

புறப்படும் நாளில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பக்கத்து வீட்டு தொமினிக் கம்பளிச் சட்டையோடு வந்தார்.

“டூருக்கு எதுக்குண்ணே இது?”

“டூரில்ல தங்கச்சி, தூர். பிரான்ஸ்ல ஒரு ஊரு. ரெண்டு வருஷப் படிப்பு, புள்ள குளிரு தாங்காது.”

வாசலில் கார் வந்து நின்றது. தில்லையம்மாள் சட்டையை வாங்கி மகளிடம் நீட்டினாள்.

“கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கோடி.”

உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சீக்கிரமே படியேறி வரட்டும்.